பதினேழாம் மலையும் மொன்னைப் பென்சிலும்

போன வாரம் திவ்யா போன் செய்தாள். நான் வேலையை விட்டு வந்த பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பெண். அந்த நாற்காலியின் இடது கைப்பிடி ஆடும் என்பதைத் தவிர நான் அவளுக்கு விட்டுவந்த ரகசியம் வேறு எதுவும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

“அங்கிள், நல்ல செய்தி. நம்ம சல்லடை புரோகிராமுக்கு முன்னூறு டெஸ்ட் எழுதியாச்சு. முன்னூறும் பச்சை, எல்லாம் பாஸ்.”

“முன்னூறா? எத்தனை நாளா எழுதுனே?”

“நாளா? கோப்பி கலக்கிட்டு வந்து உக்காந்தேன், முடிஞ்சிருந்துச்சு. இப்பல்லாம் மெஷின் எழுதுது அங்கிள்.”

“சரி, ஒவ்வொரு டெஸ்டுக்கும் இதுதான் சரியான விடைன்னு அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

“யாரும் சொல்லல. அதுவே புரோகிராமை ஓட்டிப் பாத்து, வந்த விடையை எடுத்து வச்சிக்கிச்சு.”

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். வந்த விடையையே வரவேண்டிய விடை என்று எழுதி வைத்துவிட்டு, பிறகு இரண்டும் ஒன்றாக இருக்கிறதே என்று மார்தட்டிக்கொள்வது. இந்தத் திருட்டுத்தனத்தை இந்த மலையில் முதன்முதலில் செய்தவன் நான். மெஷின் அதை என்னிடமிருந்து கற்றுக்கொண்டதோ என்றுகூட ஒரு நிமிடம் பயந்தேன்.

“இன்னொண்ணு அங்கிள். பழைய டெஸ்டுல ஒண்ணு தேவையில்லன்னு சொல்லுது. தூக்கிடவா? பேரே வேடிக்கையா இருக்கு. ‘மாரியாயி அக்கா கண்’. யாரு அது?”

“தொடாதே!”

கத்திவிட்டேன் போலிருக்கிறது. அடுப்படியிலிருந்து என் மனைவி தனலெட்சுமி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

“தொடாதே லா! இன்னிக்கு ஒருநாள் பொறு. அதைத் தூக்கறதுக்கு முன்னாடி ஒரு காரியம் செய்யணும், எழுதி அனுப்பறேன்.”

திவ்யாவுக்கு நாலு வரி அனுப்பினேன். அவளுக்கு அது போதும். ஆனால் நாலு வரியில் அடங்குகிற எரிச்சலா இது? மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

என் வேலை வாழ்க்கையின் முதல் பதினோரு வருடத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். எஸ்டேட்டில் ஸ்டோர் கிராணி. மருந்து டின், உரமூட்டை, கொழுந்து வெட்டுகிற கத்தரி, மழைக்கோட்டு எல்லாம் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் எழுதுகிற குமாஸ்தா. பிறகு ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. இதை யார் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று மேனேஜர் துரை கூட்டத்தில் கேட்டபோது நான் தூங்கி வழிந்துகொண்டிருந்தேன். தலை ஆடியதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார். அப்புறம் கம்பெனி ரிங்லெட் டவுனில், ஒரு இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில், சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் பிரிவு திறந்தது. என்னை அங்கே ‘டெஸ்டர்’ ஆக்கினார்கள். அடுத்தவன் செய்த வேலையில் குற்றம் கண்டுபிடிக்கிறவன் என்று தனத்துக்கு விளக்கினேன்.

“அதுக்குச் சம்பளம் வேற குடுக்குறாங்களா?” என்றாள். “வீட்டுல சும்மாதானே செய்யறீங்க.”

நான் சோதித்த சாமான் எங்கள் புரோகிராமர் சுரேன் எழுதிய ஒரு லைப்ரரி. லைப்ரரி என்றதும் புத்தக அலமாரியை நினைக்காதீர்கள். பல புரோகிராம்கள் பொதுவாகக் கூப்பிட்டு வேலை வாங்குகிற ஒரு குட்டிப் புரோகிராம் அது. அதற்கு ஒரே வேலை. எஸ்டேட்டில் தேயிலை நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து நம்பர் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு துண்டையும் ‘மலை’ என்போம். மொத்தம் அறுபத்தொரு மலை. திரையில் ஒருவர் ‘இரண்டாம் டிவிஷன்’, ‘வெட்டி இருபது நாள் ஆனது’, ‘ஏழு நாளுக்குள் மருந்து அடிக்காதது’ என்று தட்டினால், இந்த லைப்ரரி அதையெல்லாம் டேட்டாபேஸுக்குப் புரிகிற நிபந்தனையாகக் கோத்து எழுதிக் கொடுக்கும். அந்த நிபந்தனையில் தேறிய மலைகளை மட்டும் டேட்டாபேஸ் வடிகட்டித் தரும். அதனால் நாங்கள் வைத்த பேர் சல்லடை.

எங்கள் பிரிவுக்குத் தலைவி பூங்கொடி மேடம். ஈப்போக்காரர், என்னைவிட எட்டு வயது இளையவர். திங்கட்கிழமைதோறும் அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து அத்தனை வளைவையும் ஏறி வருவார். வளைவு அவருக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் வாயில் எப்போதும் ஒரு ஆசாம் போய் இருக்கும், அந்த உப்புப் போட்டுக் காயவைத்த பிளம் பழம். கொட்டைகளை மேசை விளிம்பில் வரிசையாக வைப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை, திட்டு வாங்குவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. அவரோ கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைத்து முடிப்பதற்குள் எதிரில் இருப்பவன் எல்லாவற்றையும் தானாக ஒப்புக்கொண்டிருப்பான், செய்யாததையும் சேர்த்து.

அவர் எனக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். நாலு கட்டம். என்ன கேட்கிறேன், என்ன வரவேண்டும், என்ன வந்தது, சரியா தப்பா. இரண்டாவது கட்டத்தைப் பட்டனைத் தொடுவதற்கு முன்னால் பென்சிலால் எழுத வேண்டும். மூன்றாவதைத் தொட்ட பிறகு பேனாவால்.

“கம்ப்யூட்டர் ஆபீஸ்ல பென்சிலா மேடம்? கீழே இரும்புக் கடையில இருக்கறவன்கூட சிரிப்பான்.”

“சிரிக்கட்டும் மாணிக்கண்ணே. பென்சில்ல எழுதும்போது நீங்க யோசிக்கிறீங்க. பேனாவுல எழுதும்போது பாக்கறீங்க. ரெண்டையும் கலக்காதீங்க.”

சொல்வது சுலபம். என்ன வரவேண்டும் என்று தெரிய வேண்டுமென்றால் அறுபத்தொரு மலையையும் காகிதத்தில் விரித்து விரல் வைத்து எண்ண வேண்டும். ஒரு டெஸ்டுக்கு அரை மணி நேரம். பட்டனைத் தட்டினால் கண் சிமிட்டுவதற்குள் விடை வந்துவிடும். பக்கத்தில் சூடாகச் சோறு வைத்துவிட்டு நெல் நாற்று நடச் சொன்ன மாதிரி இருக்கும் எனக்கு. ஒவ்வொரு நாளும் முணுமுணுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே செய்தேன்.

பென்சில் உதவவில்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு தடவை டிவிஷன் எதையும் தட்டாமல் விட்டால் என்ன வரவேண்டும் என்று யோசித்து, ‘ஒன்றும் வராது’ என்று பென்சிலில் எழுதினேன். தட்டினால் அறுபத்தொன்றும் வந்து நிற்கிறது. சுரேனைக் கூப்பிட்டேன்.

“எதையும் கேக்கலன்னா எல்லாத்தையும் கேட்டதா அர்த்தம்ண்ணே,” என்றான், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

“ஏன்டா, நீ கடைக்குப் போயி ஒண்ணும் கேக்காம நின்னா, கடையையே தூக்கிக் குடுப்பானா?”

“நீங்க நின்னா குடுப்பாங்க. சீக்கிரம் போகட்டும்னு.”

இப்படிச் சிரித்துச் சிரித்தே நாற்பத்தொரு டெஸ்ட் ஓடியது. நாற்பத்திரண்டாவதுக்கு வருவதற்கு முன்னால் ஸ்டோர் சுவரில் இருந்த கரும்பலகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எஸ்டேட்டில் காலை ஆறரைக்குப் பெரட்டு. ஆள்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு, யார் இன்றைக்கு எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவது. மருந்து அடித்த மலைக்கு ஏழு நாள்வரை கத்தரி போகக்கூடாது என்பது எஸ்டேட் சட்டம். அதற்காகத்தான் பலகை. மலைக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் கடைசியாக மருந்து அடித்து முடித்த தேதி. மருந்துக் கூட்டத்தின் தலைவர், எங்கள் பேச்சில் மருந்து மண்டோர், ஒரு மலையில் அடிக்க ஆரம்பித்ததும் ஈரத்துணியால் பழைய தேதியை அழித்துவிடுவார். மலை முழுக்க முடிந்த பிறகுதான் புதுத் தேதி ஏறும். நம்ம ஊர் மழையில் ஒரு மலையை முடிக்க மூன்று நாளும் ஆகும், ஐந்து நாளும் ஆகும். அதுவரை கட்டம் காலி.

மருந்தே பார்க்காத புது மலையின் கட்டமும் காலிதான். ஆனால் யாரும் குழம்பியதில்லை. அழித்த கட்டத்தில் சாக்பீஸ் தடம் வெள்ளையாகத் தெரியும். புது மலையின் கட்டம் சுத்தக் கறுப்பு. தடம் இருந்தால் உள்ளே மருந்து நடக்கிறது, கறுப்பென்றால் பயமில்லை. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. பலகையைப் பார்க்கிறவனுக்குத் தெரியும். நான் அந்தப் பலகைக்கு அடியில் நாற்காலி போட்டுப் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தேன்.

பலகை கம்ப்யூட்டருக்குள் போனபோது பழக்கமும் கூடவே போனது. மருந்து ஆரம்பித்தால் ஸ்டோரில் தேதியை அழிப்பார்கள், முடிந்தால் போடுவார்கள். அந்த வெள்ளைத் தடம் மட்டும் உள்ளே போகவில்லை.

சல்லடை வடித்த பெரட்டுப் பட்டியல் முதல்முறையாகப் போனில் வரப்போகிற நேரம் அது. திங்கட்கிழமை தொடக்கம். வியாழக்கிழமை ஒத்திகைப் பட்டியலைப் பார்த்துவிட்டு மேனேஜர் துரை போனில் பிடித்தார். “என் புது மலை நாலு எங்கேய்யா? கொழுந்து நிக்குது, லிஸ்டுல காணோம்!”

விஷயம் இதுதான். ‘ஏழு நாளுக்குள் மருந்து அடிக்காதது’ என்று சல்லடை கேட்டால், தேதி காலியாக இருக்கிற மலையைப் பற்றி டேட்டாபேஸ் ‘தெரியாது’ என்கிறது. தெரியாது என்பது ஆமாம் ஆகாது. அதனால் புது மலைகள் சல்லடையில் விழாமல் போய்விட்டன. சுரேன் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு வரி சேர்த்தான். தேதி காலியாக இருந்தால் அதையும் எடுத்துக்கொள்.

“டெஸ்ட் பண்ணிடுங்கண்ணே. நீங்க சரின்னா அனுப்பிடலாம்.”

அன்றைக்குத் தாப்பாவில் டுரியான் பழம் வந்து இறங்கியிருந்தது. நானும் கீழ்க்கடைக்காரரும் நாலு மணிக்கு அவருடைய வேனில் கிளம்புவதாக ஏற்பாடு. மணி மூன்றே முக்கால். நோட்டைத் திறந்தேன். நாற்பத்திரண்டு. காலித் தேதி உள்ள மலைகள் எத்தனை வரவேண்டும்? பென்சிலை எடுத்தேன். மொன்னை. சீவுகிற பிளேடு எங்கே என்று தேடினால் இல்லை. கீழே வேன்காரர் ஹாரன் அடிக்கிறார்.

பட்டனைத் தட்டிவிட்டேன்.

ஆறு மலை வந்தது.

துரை நாலு என்றல்லவா கத்தினார்? அந்த நேரத்தில் என் மூளை சொன்னதை அப்படியே எழுதுகிறேன், வெட்கப்பட்டுக்கொண்டே. ‘நாலு கேட்டாரு, ஆறு கெடைச்சிருக்கு, மனுசன் சந்தோசப்படுவாரு.’ என்ன வரவேண்டும் என்ற கட்டத்தில் பேனாவால் ஆறு. என்ன வந்தது என்ற கட்டத்திலும் ஆறு. சரி என்று ஒரு கோடு, வால் நீட்டி, அழகாக. மூன்று பழம் சாப்பிட்டேன் அன்றைக்கு.

திங்கட்கிழமை ஏழேகாலுக்கு ரிங்லெட்டில் ரொட்டிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். பாராட்டு வாங்குவதற்குத் தோதாகப் புதுச் சட்டை. அங்கே மருந்து மண்டோர் அழகப்பன் வந்தார். எங்கள் ஆபீசுக்குக் கீழே இருக்கிற இரும்புக் கடை திறப்பதற்காகக் காத்திருந்தார்.

“என்னண்ணே, இன்னிக்குப் போன்ல பெரட்டாமே? இனி தொரைங்க படுத்துக்கிட்டே வேலை குடுப்பாங்க போல.”

“அதெல்லாம் மூளை, அழகு. நீ இன்னும் பம்பைத் தூக்கிட்டு அலையிறே.”

“பம்பு மூக்கு அடைச்சிக்கிச்சிண்ணே. புதுசு வாங்கிட்டுப் போயி பதினேழுல மிச்சத்தை அடிச்சிடணும். வியாழக்கிழமை ஆரம்பிச்சேன், மழை. சனிக்கிழமை மறுபடி எறங்குனேன், மறுபடி மழை. பாதியில நிக்குது.”

ரொட்டியைக் குழம்பிலேயே போட்டுவிட்டுப் போனை எடுத்தேன். போனில் அன்றைய பட்டியல் இருந்தது. நான் சரி போட்ட பட்டியல். ‘பதினேழாம் மலை: தனலெட்சுமி மண்டோர், பன்னிரண்டு பேர்.’ தனம்தான் வெட்டுக் கூட்டத்துக்கு மண்டோர். என் வீட்டுத் தனம்.

“அழகு, பதினேழுக்குத் தேதி போட்டியா?”

“முடிக்காம எப்படிண்ணே தேதி போடறது? அழிச்சி விட்டிருக்கு. நீங்க ஸ்டோர்ல இருந்தவருதானே?”

‘அலாமாக்!’ என்று அலறிவிட்டேன்.

தனத்தைக் கூப்பிட்டேன். பதினேழாம் மலை மேட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் இருக்கிறது, அங்கே லைன் கிடையாது. மலாய்க்காரப் பெண்ணின் குரல் மிக இனிமையாக, பிறகு முயற்சி செய்யச் சொன்னது. எஸ்டேட் ஆபீசுக்கு அடித்தேன், யாரோ பேசிக்கொண்டே இருந்தார்கள். எழுந்து ஓடி, சாவியோடு நின்ற மோட்டார் சைக்கிளை முறுக்கினேன். ரோட்டில் ஏறிய பிறகுதான் அது என் மோட்டார் இல்லை என்று தெரிந்தது. பின்னால் மருந்துப் பம்பு கட்டியிருந்தது. கண்ணாடியில் பார்த்தால் அழகப்பன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார். ஹெல்மெட்டை முன்பக்கம் பின்பக்கமாக மாட்டியிருந்தேன். ஒரு கண்ணால் பார்த்தபடி ஓட்டினேன்.

முன்னால், இன்னும் மேலே இருக்கிற திரிங்காப்புக்குக் காலிக் கூடை ஏற்றிப் போகிற காய்கறி லோரி. காலிக் கூடைக்கு என்ன கனம்? ஆனால் நிறைமாசக் கர்ப்பிணி மாதிரி ஏறுகிறது. ஹாரன் அடித்தேன். லோரிக்காரன் கையை வெளியே நீட்டி எனக்கு டாட்டா காட்டினான். எதிரே வளைவு, முந்தவும் முடியாது. வழியில் இருந்த முனீஸ்வரரிடம் ஒரு வேண்டுதல் வைத்தேன். அவள் உள்ளே போகாமல் இருந்தால் இனி ஜென்மத்துக்கும் டுரியானைத் தொடமாட்டேன். அடுத்த வளைவில், இந்த சீசனுக்கு மட்டும் என்று திருத்திக்கொண்டேன். அதற்கும் அடுத்த வளைவில் எனக்கே அருவருப்பாக இருந்தது. ஜென்மத்துக்கும் என்றே வைத்துக்கொள்ளும்படி சாமியிடம் சொன்னேன்.

மோட்டாரைப் போட்டுவிட்டு மேட்டில் ஏறி மறுபக்கம் இறங்கினேன். மேல்முனையில், அழகப்பன் கட்டிய சிவப்புத் துணி குச்சியில் ஆடிக்கொண்டிருந்தது. மருந்து அடிக்கிற மலைக்கு அடையாளம். வெட்டுக் கூட்டம் கீழ் ரோட்டு வழியாக வந்திருந்தது. அங்கே துணி இல்லை.

“உள்ளே போகாதே! தனம், உள்ளே போகாதே!”

“போயிட்டு வந்தாச்சு,” என்றாள் தனம், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

எல்லோரும் ரோட்டோரத்தில் உட்கார்ந்து கை கழுவிக்கொண்டிருந்தார்கள். நேப்பாளத்துப் பையன்கள் இருவர் தண்ணீர் டிரம்மைச் சாய்த்துப் பிடித்திருந்தார்கள். தனம் குவளையால் மொண்டு மொண்டு மாரியாயி அக்காவின் கண்ணில் ஊற்றிக்கொண்டிருந்தாள். எஸ்டேட் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் மாரியாயி அக்கா பக்கத்து வீடு. கூட்டத்திலேயே மூத்தவர்.

“நாலு வரிசை வெட்டுனோம். நாத்தம் மூக்கைத் தொளைச்சிது. எலையில பூரா வெள்ளைப் புள்ளி. எல்லாரையும் வெளிய இழுத்துட்டு வந்துட்டேன். அக்கா அதுக்குள்ள வேர்வையைத் தொடைக்கிறேன்னு கையால கண்ணைக் கசக்கிட்டாங்க.” அப்போதுதான் என்னைப் பார்த்தாள். “காலையிலேயே கிராணியைக் கேட்டேன், பதினேழுக்கா போறதுன்னு. கம்ப்யூட்டர் சொல்லுது, பரிச்சை பண்ணிப் பாத்தாச்சுன்னாரு. யாருங்க பரிச்சை பண்ணா?”

அவள் கையிலிருந்து குவளையை வாங்கி நான் அக்காவின் கண்ணில் ஊற்றினேன்.

“யாரு, மாணிக்கமா?” என்றார் அக்கா, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு. “தலையில என்னத்தையோ திருப்பி மாட்டியிருக்கான்னு இந்தப் பசங்க சிரிக்கிறானுங்க. கண்ணு தொறக்க முடியல தம்பி. இல்லன்னா நானும் பாத்திருப்பேன்.”

எஸ்டேட் ஜீப்பில் அவரைக் கிளினிக்குக்குக் கொண்டு போனோம். நான் பின்சீட்டில் அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் பாட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனேன். பாதி என் புதுச் சட்டையில் ஊற்றினேன். பட்டியலில் வந்த ஆறில் புது மலை நாலும் பதினேழும் போக மிச்சம் ஒன்பதாம் மலை, அதுவும் பாதி மருந்தில் நின்றது. தனம் ஆளனுப்பி, அங்கே போய்க்கொண்டிருந்த கூட்டத்தை ரோட்டிலேயே நிறுத்திவிட்டாள். கிளினிக்கில் டாக்டர் கண்ணைக் கழுவி, சொட்டு மருந்து விட்டு, இரண்டு பக்கமும் பஞ்சு வைத்துக் கட்டினார். பார்வைக்கு ஆபத்து உண்டா என்று கேட்டேன். நாளன்றைக்குக் கட்டைப் பிரித்துத்தான் சொல்ல முடியும் என்றார்.

மத்தியானம் ஆபீசுக்குப் போனபோது பூங்கொடி மேடம் வந்துவிட்டிருந்தார். என் நோட்டு அவர் முன்னால் திறந்திருந்தது. மேசை விளிம்பில் ஒரே ஒரு கொட்டை.

“நாற்பத்தொண்ணு வரைக்கும் பென்சில், பேனா. பென்சில், பேனா. நாற்பத்திரண்டுல பென்சிலைக் காணோமே அண்ணே?”

“மொன்னையா போச்சு மேடம்.”

வேறொரு நாளில் அது நல்ல ஜோக்காகக்கூட இருந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கீழே வைத்தார். தன் பென்சிலை என் பக்கம் உருட்டிவிட்டார்.

“இப்ப எழுதுங்க. வெள்ளிக்கிழமை பட்டனைத் தொடறதுக்கு முன்னாடி என்ன எழுதியிருப்பீங்க?”

நாலு என்று எழுதினேன். பக்கத்தில் பேனாவில் ஆறு. நாலும் ஆறும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும், இரண்டு அதிகம்.

“அந்த ரெண்டும் ஏன் காலியா இருந்துச்சு?”

கரும்பலகையை, ஈரத்துணியை, சாக்பீஸ் தடத்தை எல்லாம் சொன்னேன். அவர் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார்.

“இது சுரேனுக்குத் தெரியுமா?”

“அவன் கோலாலம்பூர் பையன் மேடம். பலகையைப் பாத்ததே இல்லை.”

“எனக்கும் தெரியாது. உங்களுக்கு?”

“பதினோரு வருசமா தெரியும்.”

“அதுக்காகத்தான் உங்களை எடுத்தேன்,” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். என்னை இழுத்துப்போட்டு உதைத்திருக்கலாம். துரைக்குப் போன கடிதத்தில் என் பேரே இல்லை. ‘எங்கள் பிரிவு சரியாகச் சோதிக்கவில்லை’ என்று எழுதி, கீழே தன் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அந்த இரண்டு நாளும் தனம் என்னோடு பேசவில்லை. நான் மாரியாயி அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டினேன். கட்டைப் பிரித்த அன்று கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. டாக்டர் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பி, “ரெண்டு விரலு. அந்தாண்ட ஒரு கழுதை நிக்குது,” என்றார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நர்ஸ் எனக்குத்தான் தண்ணீர் கொடுத்தாள்.

பிறகு சுரேனும் நானும் சல்லடையைப் பிரித்துப் போட்டோம். மருந்து தொடங்கிய தேதி, முடிந்த தேதி என்று டேட்டாபேஸில் இரண்டு கட்டம் வந்தது. சல்லடைக்குள் ஒரு வரி சேர்ந்தது. காலியாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்கிறவன் வாய்விட்டுச் சொல்லவில்லை என்றால், நிபந்தனையே எழுதித் தராமல் நின்றுவிட வேண்டும்.

“எல்லா ஸ்கிரீனும் நிக்கும்ண்ணே,” என்றான் சுரேன். “என்னைத் திட்டுவாங்க.”

“நிக்கட்டும். திட்டறவங்களை என்கிட்ட அனுப்பு.”

அந்த ஒரு வரி வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு டெஸ்ட் எழுதினோம். காலியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கேட்டுப் பார், மறுக்கிறதா பார். முதலில் பென்சிலில், ‘மறுக்க வேண்டும்’. பிறகு பேனாவில், ‘மறுத்தது’. பேர் வைக்கச் சொன்னபோது நான்தான் வைத்தேன். டெஸ்டுக்கு இப்படியா பேர் வைப்பது என்று சுரேன் கேட்டான். மேடம் நோட்டைப் பார்த்துவிட்டு, அப்படியே இருக்கட்டும் என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் அந்த நாற்காலியில் இருந்தேன். ஒரு நாள்கூட எரிச்சல் இல்லாமல் பென்சிலைத் தொட்டதில்லை, தொடாமல் பட்டனைத் தட்டியதும் இல்லை. ஆபீசை மொத்தமாகக் கோலாலம்பூருக்கு இறக்கியபோது, வர விருப்பமில்லாதவர்கள் ஓய்வு எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். இந்தத் தடவை தூங்கி வழியாமல், விழித்துக்கொண்டே தலையாட்டினேன்.

திவ்யாவுக்கு அனுப்பிய நாலு வரி இதுதான். ‘மாரியாயி அக்கா கண்ணைத் தூக்காதே. அதற்குப் பதிலாக, காலியைப் பற்றிச் சொல்லாவிட்டால் நிற்கச் சொல்கிற வரியைச் சல்லடையிலிருந்து தற்காலிகமாகத் தூக்கு. முன்னூறையும் ஓட்டு. ஓட்டுவதற்கு முன்னால், எத்தனை சிவப்பு வரும் என்று ஒரு காகிதத்தில் பென்சிலால் எழுது.’

மறுநாள் காலையில் கூப்பிட்டாள். குரலில் நேற்றைய கோப்பி வாசனை இல்லை.

“அங்கிள், ஐம்பது சிவப்பாவது வரும்னு எழுதியிருந்தேன்.”

“ம்.”

“முன்னூறும் பச்சையாவே இருக்கு. அந்த வரி இருந்தாலும் பச்சை, இல்லாட்டியும் பச்சை. மெஷின் எழுதுனது எல்லாத்துலயும் காலிக்கு என்ன செய்யணும்னு ஒழுங்கா சொல்லி வச்சிருக்கு. சொல்ல மறக்கற ஆளு ஒருத்தன்கூட இல்ல.”

மறக்கிற ஆளை அதற்கு எப்படித் தெரியும்? அது டுரியான் சாப்பிடப் போனதில்லையே.

“பழசுல ஒண்ணே ஒண்ணு மட்டும் செவந்திருக்கு அங்கிள்,” என்றாள்.

எது என்று நான் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு வாசலில் மாரியாயி அக்கா, கண்ணாடி போடாமல், ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.